பெர்மனென்ட் மாப்பிள்ளை

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நோய் உண்டு. ‘பெர்மனென்ட்’ என்று யாராவது சொன்னால் கை தானாகக் கும்பிடும். பெர்மனென்ட் ஆனவருக்குத்தான் குவார்ட்டர்ஸ், அவர் குடும்பத்துக்குத்தான் ஆஸ்பத்திரி, அவருக்குத்தான் பெண் கொடுப்பார்கள். டெம்பரரி ஆள் டீயைக்கூட ஓரமாக நின்றுதான் குடிப்பார். எனக்கு அந்த நோய் முற்றியிருந்தது. அவதிப்பட்டது என் அக்கா வசந்தி.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். (ஆங்கிலப் பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை படிப்பவள் என்பதால், எங்கள் வீட்டின் வெளியுறவு அமைச்சர் நான்தான்.) குமணன்சாவடித் தரகர் ஏகாம்பரம் ஒரே நாளில் இரண்டு ஜாதகங்களோடு வந்தார்.

“ரெண்டுமே அமெரிக்கா மாப்ளதான் சார். ஒருத்தரு ஒர்க் விசாவுல கீறாரு. இன்னொருத்தரு கிரீன் கார்டு. இன்னா சொல்றீங்க?”

ஒர்க் விசாக்காரர் போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தார். கிரீன் கார்டுக்காரர் யாரோ மிரட்டியதுபோல் நின்றார். அக்கா என் காதில், “சிரிக்கிறவர் பரவாயில்லடி” என்றாள்.

நான் விடுவேனா? “அப்பா, ஒர்க் விசான்னா டெம்பரரி. நம்ம காண்ட்ராக்ட் லேபர் மாதிரி. கிரீன் கார்டுன்னா பெர்மனென்ட் ரெசிடென்ட். பெர்மனென்ட்!”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெர்மனென்டா? அப்புறம் என்ன யோசனை?”

பூந்தமல்லியில் கல்யாணம் நடந்தது. லீவு முடிந்ததும் அத்தான் தனியாகப் பறந்தார். “விசாவுக்குப் பேப்பர் போட்டுட்டேன், சீக்கிரம் வந்துடுவா” என்று அவரும் நம்பினார். சிரித்த மாப்பிள்ளை அடுத்த பிளாக் கலாவைக் கட்டினார். ‘பாவம், டெம்பரரி’ என்று நான் கலாவுக்காக உச்சுக்கொட்டினேன்.

சில மாதங்களில் கலா கிளம்பிவிட்டாள். ஒர்க் விசாக்காரர் மனைவியைக் கூடவே அழைத்துக்கொள்ளலாமாம். பெர்மனென்ட்காரர் மனைவிக்கோ வரிசை உண்டு. வரிசை என்றால் ரேஷன் கடை வரிசை இல்லை, வருடக்கணக்கில் நகரும் வரிசை. அவர் அந்த நாட்டுக் குடிமகனாகிவிட்டால் வரிசையே கிடையாது. ஆனால் அதற்கும் அவருக்குச் சில வருடங்கள் பாக்கி. இதெல்லாம் தாலி ஏறியபிறகு தெரிந்துகொண்ட பொது அறிவு.

கலாவை வழியனுப்ப வேன் வந்தபோது, அக்கா நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை அவளிடம் நீட்டினாள். “எங்க வீட்டுக்காரருக்கு எப்படியாவது சேர்த்துடுடி.” ஊறுகாய் போய்ச் சேர்ந்தது. போட்டவள் ஆவடியிலேயே இருந்தாள்.

அமைச்சர் சும்மா இருப்பாளா? டூரிஸ்ட் விசா யோசனையைக் கொடுத்தேன். “எதுக்குப் போறீங்கன்னு கேட்டா உண்மையைச் சொல்லுக்கா. புருஷனோட இருக்கணும்னு சொல்லு. யாருக்கும் மனசு இளகும்.”

அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அக்கா அப்படியே சொன்னாள். இளகவில்லை. அங்கேயே தங்கிவிடுவாள் என்று விசாவை மறுக்க அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில், அம்பத்தூர் தாண்டியபோது கேட்டாள்: “புருஷனோட இருக்கணும்னு சொன்னது தப்பாடி?”



அப்பா ரிடையர் ஆனார். பெர்மனென்ட் என்று நம்பிய குவார்ட்டர்ஸைக் காலிசெய்து முகப்பேரில் வாடகைக்குப் போனோம். அக்கா தன் கல்யாணப் பட்டுப்புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, உதறி, மறுபடியும் அதே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். முகப்பேரில் புதிதாகப் பழகியவர்கள் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றே நினைத்தார்கள். ஒருவர் வரன்கூடக் கொண்டுவந்தார்.

அத்தான் குடிமகனானதும் ஒருவழியாக அவள் போனாள். விமான நிலையத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள்: “அவருக்குக் காபியில சர்க்கரை எவ்வளவு போடணும்னுகூட மறந்துபோச்சுடி.”

பிறகு எனக்கு வரன் வந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை, ஆனால் டெம்பரரி. அப்பா தயங்கினார். அமெரிக்காவிலிருந்து அக்கா போன்: “டெம்பரரிதானே? கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கோ. கூடவே இருப்பான்.”

கட்டிக்கொண்டேன். எங்கள் சொந்தத்தில் இன்றும் அவருக்கு ‘டெம்பரரி மாப்ளே’ என்றுதான் பெயர். பந்தியில் அப்படித்தான் கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். வேலையில் கடைசிவரை அவர் பெர்மனென்ட் ஆகவே இல்லை. காபிக்கு அவருக்குச் சர்க்கரை ஒன்றரை ஸ்பூன்.