எண்ணெய் போட்டும் நிற்காத சத்தம்

அன்பு மைத்துனனுக்கு,

தையல்கடையிலிருந்து மாமா எழுதுவது. இங்கே நானும் இரண்டு மெஷின்களும் சௌக்கியம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், முக்கியமாகப் போன வாரம் பெட்டியோடு வந்து இறங்கிய உன் அக்கா, எல்லோரும் சௌக்கியமா?

இசை சமுதாயத்துக்கு நல்லது, பாட்டு இருந்தால் வேலை பறக்கும் என்று சொல்லி நீதானே கடைக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தாய்? பறந்தது. வேகமான பாட்டுக்குக் கால் தானாக மிதித்ததில் வக்கீலின் பேண்ட்டில் இரண்டு காலையும் சேர்த்து ஒரே காலாகத் தைத்துவிட்டேன். சோகப் பாட்டு வந்தபோது பட்டன் தைக்கிற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பட்டனை முதுகுப் பக்கம் வைத்தார். அளவு கொடுக்க வந்தவர்களோ பாட்டு முடியட்டும் என்று பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் உன் அக்காவின் மெஷினிலிருந்து கீச்கீச்சென்று ஒரு சத்தம். எண்ணெய் போட்டேன், நிற்கவில்லை. மறுபடி போட்டேன், டாக்டரின் வெள்ளைச் சட்டை கறையானதுதான் மிச்சம். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவன் மெஷினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் தரையில் பரப்பினான், அப்பவும் சத்தம் வருது! "அண்ணே, சத்தம் மெஷின்ல இல்ல. ஸ்பீக்கர் கூடவே அக்கா பாடுறாங்க"ன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சே சிரித்தது. உன் அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள், பஸ் ஏறிவிட்டாள். நான் என் பாட்டுக்கு இருந்தேன், அவள் அவள் பாட்டுக்கு இருந்தாள், எவனோ பாடின பாட்டு நடுவில் புகுந்து குடும்பத்தையே பிரித்துவிட்டது. ஆகவே இசையால் சமுதாயத்துக்கு ஒரு நன்மையும் கிடையாது. ஸ்பீக்கரைப் பார்சலில் அனுப்புகிறேன். பதிலுக்கு என் மனைவியை அனுப்பி வை.

பிள்ளைகள் நன்றாக வளரட்டும். உன் மனைவியிடம் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: பார்சலைப் பிரித்துவிட்டேன், ஸ்பீக்கர் வராது. கடை வெறிச்சென்று கிடந்தது, மனசு கேட்கவில்லை. அவள் கூடவே பாடின அதே பாட்டைப் போட்டுக் கேட்டேன். வரியெல்லாம் அதேதான், ஆனால் பாட்டு அது இல்லை மாப்பிள்ளை. உன் அக்கா பாடினதுதான் சரி என்று அவளிடம் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே. சரி, நான் சொன்னேன் என்றே சொல்.