இடப்பக்கத்துத் தம்பி

ஆறு வருஷமாக முகம் கொடுக்காத அண்ணன் குமாரசாமி, திங்கட்கிழமை காலையிலிருந்து தம்பி அரங்கசாமியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோமனூரில் இருவருக்கும் ஒரே தறிக்கூடம்தான். வலது கோடியில் அண்ணன் மேசை, இடது கோடியில் தம்பி மேசை. தங்கச்சி மகளின் காதுகுத்தில் குழந்தையை அண்ணன் மடியில் உட்கார வைக்காமல் தம்பி மடியில் வைத்துவிட்டார்கள். மூத்த தாய்மாமனுக்கு அன்றைக்கு ஏறிய கோபம், குழந்தை இரண்டாம் வகுப்புக்குப் போன பிறகும் இறங்கவில்லை.

முறைக்கிறார் என்று பயந்த அரங்கசாமி, தன் மேசையை வாசலோரம் நகர்த்தினார். மதியம் சாப்பிடக் கிளம்பிய அண்ணன் நேராக வந்து அதிலேயே முட்டிக்கொண்டார்.

"ஏனுங்ணா, பார்த்து வரக்கூடாதுங்களா?"

"எங்கடா பாக்கறது? விடிஞ்சதிலிருந்து கழுத்து திரும்பமாட்டீங்குது."

ஆறு வருஷத்தில் முதல் பேச்சு. அரங்கசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்ச் சலூன்காரரைக் கூட்டி வந்தார்.

"ஒரே சொடக்குங்க, சரியாப் போயிரும்" என்று அவர் முறுக்கினார். கொஞ்சநஞ்சம் அசைந்த கழுத்தும் அத்தோடு நின்றுபோனது.

உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்து, வாயுப் பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்ததில் தோல்தான் உரிந்தது. கடைசியில் அம்பாசடர் பிடித்துக் கோயமுத்தூர் போனார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "கழுத்துல முதல் எலும்பு ரெண்டாவது எலும்பு மேல திரும்பி மாட்டிக்கிச்சுங்க. பெரியவங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். எடை கட்டி மெதுவா இழுத்தா நேராயிரும். சொடக்கு மட்டும் யாரும் எடுத்துப்போடாதீங்க."

அரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிலிருந்து தறியை மனைவியிடம் விட்டுவிட்டு, தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலுக்கு இடப்பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ரசஞ்சோறு ஊட்டுவார். அண்ணன் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அரங்கசாமிக்கு அதில் பரம சந்தோஷம். ஆனால் கழுத்து நேரானால் அண்ணன் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொள்வாரே என்ற பயமும் இருந்தது. கழுத்து சீக்கிரம் சரியாகக் கூடாது என்று சாமியிடம் கேட்கவா முடியும்?

பதினெட்டாம் நாள், வீட்டுக்குப் போகலாம் என்று தகவல் வந்தது. அரங்கசாமி செருப்புத் தேய ஓடி வந்து பார்த்தால், அண்ணன் முகம் அதே இடப்பக்கம்.

"சிஸ்டர், அண்ணனுக்கு இன்னும் நேராகலீங்களே?"

எடையைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்த நர்ஸ் ஹபீபுன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

"அது போன செவ்வாக்கிழமையே நேராயிருச்சுங்க. உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் இப்படித் திருப்பிக்கறாரு."