கடைசித் தேதிக்கு முந்தின தேதி

"நாளைக்குள்ள எப்படிக்கா முடிப்பேன்? தொண்டை வேற கட்டிக்கிச்சு," என்று பின்னணிக் குரல் தரவேண்டிய பெண் அழுதாள்.

கேப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாணவர் குழுவுக்குத் தலைவி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. நூலகத்தைப் பற்றி ஐந்து நிமிடப் படம். மாசக் கடைசியில் சாரிடம் ஒப்படைக்க வேண்டும். இதில் தேறாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"நாளைக்குன்னு யாரு சொன்னா?"

"கேமரா அண்ணன்."

கேமராக்காரன் கூசாமல் சொன்னான். "இவ இழுத்தடிப்பா. அதான் ஒரு வாரம் முந்தின தேதியாச் சொல்லி வச்சேன். எடிட்டர் எனக்குச் சொன்னது அடுத்த வாரம்."

"இவன் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கான்?" என்றான் எடிட்டர். "நானும் ஒரு வாரம் முந்தின தேதியாத்தான் சொன்னேன். நீ எனக்குச் சொன்னது நெஜத் தேதிதானே, கேப்டன்?"

கேப்டன் சுவரைப் பார்த்தாள். அவள் ஒட்டிய அட்டவணை அங்கே இருந்தது. வேலை, நேரம், ஆபத்து. ஆபத்துக்குக் கீழே மழை, மின்வெட்டு, கேமரா பழுது. உண்மையான ஆபத்துகள் மூன்றும் எதிரில் நின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுவரில் எழுத முடியாததால், அவளும் எடிட்டரிடம் ஒரு வாரம் முந்தின தேதியைத்தான் சொல்லியிருந்தாள்.

"சார்கிட்ட கெஞ்சி ஒரு வாரம் கூடுதலா வாங்கிட்டேன்," என்றாள். அழுகை நின்றால் போதும் என்றிருந்தது.

அழுகை நின்றது. வேலையும் நின்றது. நண்பன் வீடு மாறுகிறான் என்று கேமராக்காரன் கேமராவோடு கிளம்பிவிட்டான். எடிட்டரோ, "ஒரு தடவை குடுத்தவரு மறுபடி குடுக்க மாட்டாரா?" என்று கால் நீட்டிப் படுத்தான்.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டு, "சார் மனசு மாறிட்டாரு. அந்த ஒரு வாரம் கிடையாதாம்," என்றாள்.

எடிட்டர் துள்ளி எழுந்தான். "குடுத்ததைப் பிடுங்கறதா? இப்பவே நேர்ல கேட்கறேன்!"

"வேணாம்டா, அவரு கோவத்துல இருக்காரு!"

அவன் போயே விட்டான். மற்ற இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். சார் ஒரு வார்த்தை பேசினால் தன் கதை கந்தல் என்று கேப்டனும் ஓடினாள்.

அவள் துறை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது சார் கேட்டுக்கொண்டிருந்தார். "நான் எப்பய்யா கூடுதலா ஒரு வாரம் குடுத்தேன்? மாசக் கடைசின்னா மாசக் கடைசிதான்!"

"மாசக் கடைசியா?" என்று மூன்று பேரும் கேப்டன் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கும் ஆபீஸ்ல தேதி குடுத்திருக்காங்க. ஒரு மணி நேரம்கூடத் தள்ள முடியாது," என்று சொல்லிவிட்டுச் சார் வகுப்புக்குப் போனார்.

"அப்போ எங்களை நம்பலை," என்றான் எடிட்டர்.

"நீங்க மட்டும் ஒருத்தரை ஒருத்தர் நம்பிக் கிழிச்சீங்களாக்கும்!" என்றாள் கேப்டன். "எடுத்தது பாதி, வெட்டினது ஒண்ணுமில்லை. வருஷம் போச்சு, போங்க."

ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த கிளார்க் அம்மா எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

"அடிச்சுக்காதீங்க. நெஜத் தேதி அடுத்த மாசக் கடைசி. அந்த மனுஷன் எதையும் நேரத்துக்குத் தரமாட்டாருன்னு நாங்கதான் அவருக்கு ஒரு மாசம் முன்னாடி சொல்லி வச்சிருக்கோம்."