கார்பன் துடுப்பில் ஏற்றிய கற்பூரம்

மெக்கானிக்குகளுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டுப்போனாலும், கெடுத்ததே நாமாக இருந்தாலும், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நம்புவோம். செஞ்சியில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

என் மனைவி செல்வி படகுப் பந்தயக்காரி. ஒல்லிப் படகில் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரே பக்கமாகத் துழாவிக்கொண்டு இருநூறு மீட்டர் பறப்பாள். மாநில அளவில் தங்கம் வாங்கியவள். (எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. வெளியே சொல்ல வேண்டாம்.)

பனமலை ஏரியில் தினமும் பழைய மரத் துடுப்போடு பயிற்சி செய்வாள். போட்டிக்கு மட்டும் கார்பன் இழையில் செய்த, எடை குறைந்த துடுப்பு. அவள் உயரத்துக்கென்றே தண்டை அறுத்துக் கைப்பிடி ஒட்டியது. தேசியப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

அவளுடையதும் ஆயுதம்தானே என்று எனக்குப் பக்தி பொங்கியது. மதியம் அவள் அசந்து தூங்கியபோது கார்பன் துடுப்பைப் பட்டறைக்கு எடுத்துப்போய், ஸ்பானர்களுக்கு நடுவில் படுக்கவைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். கற்பூரத் தட்டைக் காணோம். துடுப்பின் அகன்ற முனையோ கறுப்பாக, பளபளவென்று, தட்டைவிட அழகாக இருந்தது. அதன் மேலேயே ஏற்றிவிட்டேன் (அறிவாளி!).

ஏதோ கருகும் நாற்றம் வந்தது. ஊதி அணைத்தேன் (அந்தப் பாவம் தனி). துடுப்பின் முனையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் எமரி பேப்பரால் தேய்த்து, பைக் டேங்குக்கு அடிக்கும் கறுப்பு பெயிண்ட்டை அடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஐந்து நாளும் விழுந்து விழுந்து பணிவிடை செய்தேன். இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சு என்று பக்கத்து வீட்டில் விசாரித்தாளாம்.

தேர்வு நாளில், பந்தயத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கப் படகில் இறங்கியவள் பத்துத் தடவைகூடத் துழாவியிருக்க மாட்டாள். படக்கென்று முனை மடிந்து தொங்கியது. கையாலேயே தண்ணீரைத் தள்ளிக் கரைக்கு வந்து, உடைந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். பெயிண்ட்டுக்கு அடியில் கரி தெரிந்தது.

"இன்னா பண்ண?"

"பூஜ போட்டேன்."

"கற்பூரத்த எது மேல ஏத்துன?"

நான் துடுப்பைப் பார்த்தேன்.

யாரிடமோ துடுப்பு இரவல் வாங்கிப் போட்டியிட்டாள். அவள் உயரத்துக்கு நாலு விரல் நீளம் அதிகம். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அவள் நான்காவது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். ஊர் திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டியதும் வாயைத் திறந்தாள்.

"சாமிக்கு வெச்சதுக்கு எனக்குக் கோவமில்ல. பெயிண்ட் அடிச்ச பாரு, அதுக்குத்தான். அன்னிக்கே சொல்லியிருந்தா என் மரத் துடுப்ப எடுத்தாந்திருப்பேன்."

மறுவருடம் அவள் தேர்வாகி, தேசியப் பதக்கமும் வாங்கினாள். ஆனாலும் நான் கெடுத்தது கெடுத்ததுதான்.

போன மாதம், இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த எங்கள் மகள் கணக்குப் பரீட்சைத் தாளை நேராக என் முன்னால் நீட்டினாள். நூற்றுக்குப் பன்னிரண்டு.

"பெயிண்ட் அடிக்கல நைனா" என்றாள்.

சமையலறையில் செல்வி சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.