விடுமுறைதோறும் வேலையை விடுகிறவர்

விடுமுறையில் மட்டும் வேலையை விடுகிற மனிதர் என்று ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். ஊரில் இருக்கும்வரை சாதுவான பிராணி. நேரத்துக்கு அலுவலகம் போய், மேலதிகாரி தும்மினால்கூடப் பாதி எழுந்து நின்று, மதியத்தில் ஆறிய சோற்றை ஆறிய குழம்பில் பிசைந்து தின்று, யாருக்கும் தொந்தரவில்லாமல் காலம் தள்ளுவார். அதே ஆளை ஒரு பையோடு வண்டியில் ஏற்றி மலையிலோ கடற்கரையிலோ கொண்டுபோய் இறக்கிப் பாருங்கள். இறங்கியதும் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, பிறந்ததிலிருந்து மூச்சே விடாதவர் போல ஒரு மூச்சு இழுப்பார். "இதுதான்டா வாழ்க்கை!"

அப்படியானால் இத்தனை வருஷம் நடந்தது என்ன? ஒத்திகையா?

மூச்சுக்கு அடுத்தது விசாரணை: "இந்தப் பக்கம் நிலம் என்ன விலை போகுது?" விசாரணைக்கு அடுத்தது அலுவலகத்துக்கு அர்ச்சனை. அதற்கும் அடுத்ததாக அந்தச் சொல் வரும்: "பேசாம…" பேசாம இங்கேயே ஒரு கடை போட்டுடலாம். பேசாம ஒரு படகு வாங்கிடலாம். பேசாம என்று தொடங்கிவிட்டு இந்த இனத்தில் ஒருவராவது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகப் பேசியதாகத் தகவல் இல்லை.

நம்மவருக்கு உத்தியோகம் காப்பீட்டு அலுவலகத்தில். வண்டி சுவரில் மோதியது என்று எழுதி வருகிறவர்களை நம்பாமலிருப்பதற்குச் சம்பளம். கடற்கரைக்குப் போனபோது படகுக்காரர் ஆனார். அருவிக்கரையில் டீக்கடை வைத்தார். தேன் பண்ணையில், ஒரு தேனீ மூக்கில் கொட்டும்வரை, தேன் வியாபாரி. எல்லாத் தொழிலையும் ஊர் திரும்புகிற வண்டி மூன்றாவது கியருக்கு வருவதற்குள் மூடிவிட்டார். ஆகவே அவர் மனைவி கவலைப்படுவதையே விட்டிருந்தாள். கூடவே வருகிற அவள் தம்பி மட்டும் ஒவ்வொரு பயணத்திலும் வண்டி கிளம்பியதும், "மாமா, இந்தத் தடவை என்ன தொழில்?" என்று கேட்டுவைப்பான்.

இந்தத் தடவை சீஸ்.

வளைந்து வளைந்து ஏறிய மலைப்பாதை முடிகிற இடத்தில் அந்தப் பண்ணை இருந்தது. தகரக் கூரை போட்ட மாட்டுக்கொட்டில், அதை ஒட்டிக் கல் வீடு, வீட்டுக்கு அடியில் சில்லென்று ஒரு நிலவறை. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர், எந்திரம் இல்லாமல் கையாலேயே சீஸ் செய்கிறார்கள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட சீஸ்காரர் எல்லாவற்றையும் காட்டினார்: செம்பு அண்டாவில் திரிந்து கட்டியான பாலைக் கம்பிச் சட்டத்தால் வெட்டுவதை, துண்டுகளை அள்ளி ஓட்டை போட்ட அச்சுகளில் அமுக்குவதை, நிலவறையில் பலகை பலகையாக அடுக்கி வைத்திருந்த சீஸ் வட்டுகளை. "இது ஒவ்வொண்ணையும் தினமும் திருப்பிப் போட்டு உப்புத் தண்ணியில துடைக்கணும் சார். ஒரு நாள் விட்டாலும் மூஞ்சிய காட்டிடும்."

'தினமும்' நம்மவர் காதில் விழவில்லை. அந்த இனத்துக்கு அந்தக் காது கிடையாது.

ருசி பார்க்க ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். நம்மவர் கண்ணை மூடினார். தாடையை ஒரு பக்கம் நிறுத்தினார்.

"லேசா ஒரு புல்லு வாசனை வருது பாருங்க. மழை விட்டதும் வருமே, அந்தப் புல்லு."

"அது என் கை சார். இப்பதான் மாட்டுக்குப் போட்டுட்டு வந்தேன்."

மச்சினன் தன் துண்டை முகர்ந்தான். "அக்கா, மாமா ஆபீஸ்ல இருந்து வந்து ஷூவக் கழட்டுவாரே…"

"வாய மூடுடா," என்றாள் அக்கா. ஆனால் கையிலிருந்த துண்டைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள்.

நம்மவருக்கு அதெல்லாம் உறைக்குமா? இன்னும் இரண்டு துண்டு தின்றார். மலையைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார். மாடும் பார்த்தது. "பேசாம வேலைய விட்டுட்டு இங்கேயே உங்களோட சேர்ந்துடறேன் அண்ணா," என்றார்.

வழக்கமாக இந்த இடத்தில் எதிராளி சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்; இவரும் கௌரவமாகத் தப்பிப்பார். சீஸ்காரர் சிரிக்கவில்லை. சாணி காய்ந்த கையால் நம்மவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நிஜமாவா சார்? கூட ஒரு ஆள் இருந்தா எவ்வளவு ஒத்தாசையா இருக்கும்!"

நிஜமாவா என்று அவரை வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. மானப் பிரச்சினை ஆகிவிட்டது. போனை எடுத்தார். 'இன்றுடன் பணியிலிருந்து விலகுகிறேன்' என்று மேலாளருக்கு அடித்தார். அழுத்தியும் விட்டார். போனில் சின்ன வளையம் ஒன்று சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

"அடடா, சிக்னல் இல்லையே," என்றார், எங்கிருந்தோ ஒரு வருத்தத்தைத் தேடிப்பிடித்து முகத்தில் மாட்டிக்கொண்டு.

சிக்னல் இல்லாத மலையில் ராஜினாமா செய்வதைப்போலப் பாதுகாப்பான வீரம் வேறு உண்டா?

"அதுக்கென்ன சார், தண்ணித் தொட்டி மேல ஏறினா ஜோரா கிடைக்கும்," என்று சீஸ்காரர் ஓடிப்போய் ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

"ஏறுங்க மாமா, நான் பிடிச்சுக்கறேன்," என்றான் மச்சினன்.

"மொதல்ல ஒரு டீ குடிச்சிட்டு…"

இந்தத் தடவை விளையாட்டில்லை என்று அவர் மனைவிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பிறந்த வீட்டில் மாடுகள் உண்டு. விடியுமுன் சாணி அள்ளிக் கொட்டி, குளித்தும் போகாத வாசனையோடு பள்ளிக்கூட பெஞ்சின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருந்தது அழகுக்காக அல்ல; இனி எந்த மாடும் தன்னை எழுப்ப முடியாது என்பதற்கு அத்தாட்சியாக. இப்போது இந்த மனிதர் ஏணியில் ஏறினால் அந்த வளையம் சுற்றுவதை நிறுத்தும். செய்தி போய்விடும். தானும் கொட்டிலுக்கே திரும்ப வேண்டியதுதான்.

என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே சீஸ்காரரின் மனைவி குத்துக்காலிட்டு அச்சுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க கடலுக்கெல்லாம் போயிருக்கீங்களாமே?" என்று தேய்ப்பதை நிறுத்திக் கேட்டாள்.

"ம். போன வருஷம்."

"ராத்திரியிலயும் அலை அடிச்சுக்கிட்டே இருக்குமாமே? யாரும் நிறுத்த மாட்டாங்களா?"

"அத யாருமா நிறுத்தறது?"

"நாங்க ரெண்டு பேருமே பாத்ததில்லக்கா. கல்யாணத்துக்கு மறுநாளே மாடு கத்துதுன்னு எழுந்து ஓடின மனுஷன் இவரு. ரெண்டு நாள் பாத்துக்க ஓர் ஆள் இருந்தா போயிட்டு வந்துடலாம். எங்க? வர்றவங்க எல்லாரும் இங்கேயே இருந்துடறோம்னுதான் சொல்றாங்க. விளக்கு வெக்கறவரைக்கும்கூட ஒருத்தரும் இருந்ததில்ல."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்கள். இது தானாக நழுவவில்லை. இவள் பறித்துப் போட்டாள்.

அவள் முன்பக்கம் வந்தபோது நம்மவர் டீயையும் முடித்து, சாக்கையும் முடித்து, ஏணியின் இரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, இறங்குங்க. மெசேஜ் எங்க ஓடிடப் போகுது? மொதல்ல தொழில் கத்துக்க வேண்டாமா? இவங்க ரெண்டு நாள் கடலுக்குப் போயிட்டு வரட்டும். பண்ணைய நீங்க பாத்துக்கங்க."

மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியது.

"நான்… தனியாவா?"

"கூட்டாளின்னா சும்மாவா மாமா?" என்றான் மச்சினன்.

"வட்டு ஏதாவது கெட்டுப்போயிட்டா?"

"கெடாது சார்!" சீஸ்காரர் அதற்குள் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். "பால் கறக்கறத பக்கத்துப் பண்ணைக்காரர் பாத்துக்குவாரு. நீங்க கொட்டில கழுவி, தீவனம் போட்டு, வட்டத் திருப்பினா போதும். அவ்வளவுதான்."

நம்மவர் இரண்டு படி இறங்குவதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் இஸ்திரி போட்ட துணியில், கையில் பையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பை எத்தனை வருஷமாகக் கட்டித் தயாராக இருந்ததோ! சூடு ஆறாத ரப்பர் பூட்ஸ் நம்மவர் கைக்கு வந்தது.

மறுநாள் விடியுமுன் மாடு கூப்பிட்டது. மேலதிகாரியாவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்; இது மொட்டையாகக் கூப்பிட்டது. கொட்டிலைக் கழுவினார், கழுவிய இடத்தையே மாடு தேர்ந்தெடுத்தது. தீவனம் சுமந்தார். நிலவறையில் கைக்குழந்தை கனம் கனத்த வட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, திருப்பி, துடைத்து, கடைசி வட்டுக்கு வந்தபோது முதுகு அவரோடு பேச்சை நிறுத்திவிட்டது. மேலே வந்தால் மறுபடியும் கொட்டில். மனைவி வெயில் படுகிற பெஞ்சில் காலை நீட்டி, கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக விடுமுறை என்ற ஒன்றில் இருந்தாள்.

"நீயாவது கொஞ்சம் அள்ளிப் போடேன். உனக்குப் பழக்கம்தானே?"

"நான் படிச்சவங்க."

"நான் மட்டும்?"

"நீங்கதான் வேலைய விட்டாச்சே."

இரண்டாம் நாள் மதியம், யாரும் சொல்லாமல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அவர் தண்ணீர்த் தொட்டிமேல் விறுவிறுவென்று ஏறினார். அவள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்து ஓடினாள். "என்னங்க! அந்தப் பழைய மெசேஜ அழிச்சீங்களா? மேல போனா தானா போயிடும்!"

மேலே போன் டிங் என்றது. அவள் ஏணியின் முதல் படியில் கால் வைத்தாள்.

"அத நேத்தே அழிச்சாச்சு!" என்று தொட்டி உச்சியிலிருந்து கத்தினார். "இது வேற! நாளைக்கு அவங்க வந்ததும் நேரா ஊருக்குக் கிளம்பறோம். மிச்ச லீவ ரத்து பண்ணிட்டு வேலைக்கே வந்துடறேன்னு எழுதியிருக்கேன்!"

மறுபடியும் டிங். மேலாளரின் பதில்.

நம்மவர் படித்தார். இன்னொரு தரம் படித்தார்.

"என்ன மாமா சொல்றாரு?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர் குரலில் வாசித்தார்: "'விடுப்பை ரத்து செய்ய வேண்டாம். நீங்கள் இல்லாமலே இங்கு வேலைகள் விரைவாக முடிகின்றன. விரும்பினால் மேலும் ஒரு வாரம் ஓய்வெடுங்கள்.'"

கீழே மாடு கூப்பிட்டது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன விடுமுறையில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைப் படம் பிடித்து, "நம்ம வீட்டுக்கும் இந்தப் பச்சைதான் அடிக்கணும்" என்று பெருமூச்சு விட்டது யார்? நானா? அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவர் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தடவை அங்கே போனால் கொஞ்சம் மெல்லவே பேசுங்கள், அவர் நம்பி, பெயின்ட் டப்பாவும் ஏணியுமாக வந்து நின்றுவிடுவார்.