சனிக்கிழமைப் பேனா

சட்டைப்பையில் நீலம் பரவுவதைப் பார்த்ததும் சுந்தரராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வாரமும் குறை சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது.

ஆரியசாலையில் நயினார் பிள்ளையின் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையப் பழைய மைப்பேனாக்கள் இருந்தன. அந்தக் கடையில் பழைய பேனாவைப் பார்த்தவுடன் யாரும் வாங்க முடியாது. ஒரு வாரம் வீட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்து பிடித்ததா என்று சொல்ல வேண்டும். பிடிக்காவிட்டால் வேறொன்று.

சுந்தரராமன் தன் சேகரிப்புக்கு அடுத்த பேனாவைத் தேட ஆரம்பித்தது ஓணத்துக்கு முன்னால். இப்போது விஷு வரப்போகிறது. ஒன்றில் நிறம் சரியில்லை என்றார், இன்னொன்றில் கனம்.

மனைவி பாகீரதி காலமான பிறகு கோட்டைக்குள் இருந்த அவர் வீட்டில் பேச ஆளில்லை. மகன் வெங்கிடேஷ் சிட்னியிலிருந்து கூப்பிடுவான். நிப்புக்கு மை எப்படி இறங்குகிறது என்று இவர் தொடங்கினால், மீட்டிங் இருக்கிறது என்பான். ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு மீட்டிங் இருந்தது.

நயினார் மட்டும்தான் முக்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்லி, கடைசிவரை கேட்பார். பேனாவை வாங்கிவிட்டால் அந்த முக்காலியில் உட்கார என்ன காரணம் இருக்கும்?

அதனால்தான் கெட்டி ரப்பரான எபனைட்டில் செய்த இந்தக் கறுப்புப் பேனாவை ஒழுகவிட்டார். அது சுலபம். இந்த ரகத்தில் மையை நேராக உடம்புக்குள்ளேயே நிரப்புவார்கள். மை குறையக் குறைய அந்த இடத்தில் காற்று சேரும். சூடு பட்டால் காற்று விரியும், விரிந்தால் மையை வெளியே தள்ளும். நிறைய மை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சுந்தரராமன் பாதிக்குப் பாதி நிரப்பி, பையில் குத்திக்கொண்டு, தம்பானூரைச் சுற்றி வெயிலில் நடந்தார்.

"மஷி ஒழுகறது, கேட்டேளா," என்றார் கடையில். மரியாதைக்காக ஒரு வார்த்தை சேர்த்தார். "எழுத்து அருமை. ஒழுகலைன்னா இதையே எடுத்துண்டிருப்பேன்."

நயினார் பேனாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பச்சைப் பேனா ஒன்றைக் கொண்டுவந்தார். "இதக் கொண்டுபோயிப் பாரும் சாமி. தங்கமான சாதனமாக்கும்."

அதற்குள் ரப்பர் பை. பக்கத்திலிருக்கும் லீவரைத் தூக்கினால் பை அமுங்கிக் காற்று வெளியேறும். விட்டால் பை விரிந்து மையை உறிஞ்சும். ஓர் ஊசிக்குத்து போதும் என்று சுந்தரராமன் ஊசியோடு உட்கார்ந்தார். திறந்து பார்த்தால் பை ஏற்கெனவே கிழிந்திருந்தது.

அதற்கடுத்த பேனாவின் நிப்பு வாய் பிளந்திருந்தது. இன்னொன்றில் நிப்புக்கு அடியிலிருந்து மையை இறக்கிவிடும் கட்டையே இல்லை. இவர் எதையும் தொடவில்லை. ஆனால் போன வாரமும் குறை, இந்த வாரமும் குறை என்று சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்தது. நயினாரும் முன்போலச் சிரிக்கவில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு, கவலையோடு அலமாரியையே பார்த்தார். நம்மால் அவருக்கு அலுத்துவிட்டது என்று சுந்தரராமன் நினைத்தார். வரவேண்டாம் என்று அவர் சொல்வதற்குமுன் நாமே மரியாதையாக நின்றுகொள்வது மேல்.

கடைசியாக வந்த மெரூன் பேனா தாளைக் கீறியது. நிப்பின் ஓர் இதழ் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று அதைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல மெல்ல நிமிர்த்தி, பழுப்புக் காகிதத்தில் எட்டு எட்டாகச் சுழித்தார். பேனா எழுதத் தொடங்கியது. அவருக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை, உட்காராமலே சொன்னார்: "இது போறும். எடுத்துக்கறேன்."

நயினாரின் முகம் விழுந்தது. "கீறுமே?"

"கீறலை."

"மஷி நின்னு நின்னு வருமே?"

"நன்னா வர்றது."

நயினார் தானே எழுதிப் பார்த்தார். தாளைத் திருப்பிப்போட்டு இன்னொரு முறை எழுதினார்.

"இன்னும் ஒரு வாரம் வச்சுப் பாரும், சாமி. என்ன அவசரம்?"

"ஓணத்துலேர்ந்து பாத்துண்டிருக்கேன், நயினார்."

பெட்டி தேடுவதாகச் சொல்லி உள்ளே போன நயினார் வெளியே வரவில்லை. அவர் மகள் ஸ்ரீலட்சுமி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். உள்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமா, நல்ல பேனா பூரா அப்பா மேல்தட்டுல ஒளிச்சு வச்சிருக்காரு. ஒங்களுக்கு ஒடஞ்சத மட்டும்தான் குடுக்கணுமாம். நல்லது கெடச்சிட்டா, பின்ன சனிக்கிழமை பேச ஆரு வருவான்னு கேக்காரு."