ஒன்று நாலான வீடு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் சுகம். அங்கே என் மகள் உங்களோடு பேசிக்கொண்டிருந்தால் நீங்களும் சுகம் என்றே கொள்கிறேன்.

மாநிலத்தில் வேலைகள் பெருகியது உண்மை, ஆனால் தரமில்லை, தொழிற்சாலைகள் மூடிய இடத்தில் முளைத்த துண்டு வேலைகள் என்று உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். இருமுறை படித்தேன். மன்னிக்க வேண்டும், தவறு. நம் வீடே சாட்சி. போன வருடம் இங்கே ஒரே வேலைதான், கியர் தொழிற்சாலையில் உங்கள் மைத்துனனுக்கு. அதை மூடினார்கள். இன்றைக்கு நாலு வேலை. அவன் காலையில் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்குகிறான், சாயங்காலம் வாடகைக் கார் ஓட்டுகிறான். மருமகள் அதே கிடங்கில் மதிய ஷிப்டில் பெட்டி ஒட்டுகிறாள். எழுபது வயதில் நான் அங்கே வாசல் காவல். ஒண்ணு நாலாச்சுன்னா அது வளர்ச்சி இல்லாம வேற என்ன?

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு எத்தனை வேலைன்னு கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்தா. நாலையும் கம்பீரமாச் சொன்னேன், எழுதிக்கிட்டா. எல்லாரும் எப்போ ஒண்ணா வீட்ல இருப்பீங்கன்னு கேட்டா. அது அவ தாள்ல இல்லாத கேள்வி. உங்க அத்தை உள்ளேருந்து, "காலண்டரைப் பாத்துச் சொல்றேம்மா"ன்னா. அவளுக்குப் பொருளாதாரம் புரியாது.

வெளியே போறவங்க பையைத் திறந்து பாக்கிறது என் வேலை. முதல் நாளே நம்ம பையன் வந்து நின்னான். பெத்த பிள்ளைன்னு விட முடியுமா, தலைக்கு மேல கேமரா. திறந்தேன். காலி டிபன் டப்பா, ஒரு சட்டை, கியர் அளக்கிற வெர்னியர். இதை ஏண்டா சுமக்கிறேன்னு கேட்டேன்.

"பழக்கம்பா. சீக்கிரம் பாருங்க, காருக்கு நேரமாச்சு."

அவன் என் முகத்தைப் பாக்கலை. நானும் ஜிப்பை மூடறதுலயே கவனமா இருந்தேன். ஆனா முன்னே வாரத்துக்கு ஒரு தரம் பேசினாலே அதிகம். இப்போ தினம் தவறாம சந்திக்கிறோம். இதையும் கட்டுரையில சேர்த்து, மறுப்புப் போடுங்க.

மகளுக்கும் பேத்திக்கும் என் ஆசிகள். உங்கள் பேனா தீர்க்காயுசாக இருக்கட்டும், கொஞ்சம் நிதானமாகவும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டும்போது கிடங்கிலிருந்து கூப்பிட்டாங்க. பையைத் திறக்காமலே உள்ளே பாக்கிற மெஷின் வந்திடுச்சாம், நாளையிலிருந்து நான் வர வேண்டாமாம். அதைப் பழுது பாக்க நிரந்தரமா ஒரு ஆள் எடுக்கிறாங்க. உங்க மைத்துனன் மனு போட்டிருக்கான். கிடைச்சா பெட்டி, கார் ரெண்டையும் விட்டுடுவான். நாலு ரெண்டாயிடும். வளர்ச்சி அப்படிப் பாதியா விழணும்னுதான் நானும் உங்க அத்தையும் வேண்டிக்கிட்டிருக்கோம். கட்டுரையில ஒரு எழுத்தும் மாத்தாதீங்க.